தபால்காரர் மகனும் ரசனையின் கணக்கும்: பியர் பூர்தியு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படிக்கிற சமூகவியல் மாணவர்களிடம் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியு என்று சொன்னால் போதும், மூன்று சொற்கள் வரிசையாக வந்து விழும்: ஹாபிட்டஸ் (உடம்பில் ஊறிய பழக்கம்), பண்பாட்டு மூலதனம் (படிப்பும் ரசனையும் சொத்துபோல் உதவுவது), களம் (மனிதர்கள் இடத்துக்குப் போட்டியிடுகிற வெளி). கூடவே ஆண்டுகளும் வரும். ரசனையைப் பற்றிய அவருடைய ‘டிஸ்டிங்ஷன்’ நூல் பிரெஞ்சில் 1979, ஆங்கிலத்தில் 1984. பொருத்துக கேள்வியில் ஒரு மார்க் கூடப் போகாது. ஆனால் இந்த மனிதர் எந்த ஊரில் நின்றுகொண்டு, யாரைப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடித்தார் என்று கேட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். அவருடைய சொற்களைவிட அவர் வேலை பார்த்த விதம்தான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிகம் உதவும் என்று நம்புகிறேன்.

அதனால் புதுச்சேரியில் நாங்கள் சிலர் கூடிப் படிக்கும் வட்டத்தில் இந்த முறை கோட்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பியர் பூர்தியு என்ற பண்பாட்டுச் சமூகவியலாளரின் கல்வி வாழ்க்கையையே ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டோம். எங்கே பிறந்தார், எந்தப் பள்ளி, எந்தப் போர், யாரோடு சண்டை, எந்தக் கேள்வி அவரை விடாமல் துரத்தியது. வட்டத்தில் கடலூர், நெய்வேலி, பண்ருட்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் உண்டு, காலாப்பட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் உண்டு, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பிறந்து லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் ஒருவரும் உண்டு. அங்கே பேசியதைத் தொகுத்து, என் தரப்பையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூர்தியுவின் வாழ்க்கையில் முக்கியமான இடம் பாரிஸ் கிடையாது, ‘டிஸ்டிங்ஷன்’ புத்தகமும் கிடையாது. 1960ஐ ஒட்டிய சில ஆண்டுகளில், தனக்கு முழுக்க அந்நியமான அல்ஜீரியக் கிராமத்தையும் தான் பிறந்து வளர்ந்த பிரெஞ்சுக் கிராமத்தையும் ஒரே சமயத்தில் ஆராய்ந்தாரே, அதுதான். பின்னால் வந்த அத்தனைக்கும் விதை அங்கே இருக்கிறது.

ஊரும் ஹாஸ்டலும்

1930 ஆகஸ்ட் 1ஆம் தேதி, தென்மேற்குப் பிரான்ஸில் பிரனே மலையடிவாரத்தில் இருக்கும் பெயார்ன் பகுதியில், தங்கேன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். தாத்தா வாரத்துக்கு நிலம் உழுதவர். அப்பா விவசாயத்திலிருந்து தபால்துறைக்குப் போனவர், முதலில் தபால்காரர், பிறகு சிறு ஊர் ஒன்றின் தபால் அலுவலகப் பொறுப்பாளர். வீட்டில் பேசியது பெயார்னே என்ற வட்டார மொழி. திருத்தமான பிரெஞ்சு என்பது பள்ளிக்கூடத்தோடு வந்து சேர்ந்த சங்கதி.

பையன் நன்றாகப் படித்தான். பக்கத்தில் இருக்கும் போ என்ற நகரத்தில் விடுதியில் தங்கிப் படித்தான். அவர் இறந்த பிறகு வெளியான தன்னாய்வு நூலில் அந்த விடுதியைப் பற்றி எழுதியிருக்கிறார்: விடுதி மாணவர்களுக்குச் சாம்பல் நிற மேலங்கி, வீட்டிலிருந்து வருகிற டவுன் பையன்களுக்கு நல்ல தையலில் நல்ல துணி. பேச்சில் ஊர் வாடை அடித்தால் கேலி. வகுப்பறையில் ஆசிரியர்கள் காட்டுகிற உயர்ந்த உலகம் ஒரு பக்கம், இரவில் விடுதியில் நடக்கும் அடிதடி ஒரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளி மீது நன்றியும் கோபமும் சேர்ந்தே இருந்தன, கடைசி வரைக்கும். எங்கள் வட்டத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அரசு விடுதியில் தங்கிப் படித்தவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் பாரிஸில் லூயி-லெ-கிராண் பள்ளி, 1951இல் எகோல் நார்மால் சுப்பீரியர். போட்டித் தேர்வு எழுதித்தான் உள்ளே போக முடியும், போய்விட்டால் அரசே சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கும், பிரான்ஸின் அறிவுலகப் பெரிய தலைகள் பலர் அங்கிருந்து வந்தவர்கள். 1954இல் தத்துவத்தில் அக்ரேகாசியோன் என்ற ஆசிரியர் பணிக்கான உயர்மட்டப் போட்டித் தேர்வு. மூலான் என்ற ஊரில் ஓராண்டு பள்ளி ஆசிரியர். தத்துவப் பேராசிரியர் ஜோர்ஜ் கங்கிலெமின் கீழ், உணர்ச்சி வாழ்க்கையில் காலம் எப்படி அமைகிறது என்று தத்துவ ஆய்வு செய்வதாகத் திட்டம். அந்த ஆய்வு நடக்கவே இல்லை. ராணுவம் கூப்பிட்டுவிட்டது.

1954 நவம்பர் 1

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தத் தேதியை விளக்க வேண்டாம், நம் விடுதலை நாள். கீழூரில் அக்டோபர் 18ஆம் தேதி 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள், நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. அதே நவம்பர் 1ஆம் தேதிதான் அல்ஜீரியாவில் பிரான்ஸுக்கு எதிரான ஆயுதப் போர் வெடித்தது. இங்கே ஓட்டு, அங்கே ஏழரை ஆண்டுக்கு மேல் ரத்தம். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை அடைந்தது, அதே ஆண்டு ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. ஒரே சாம்ராஜ்யம் கலைந்த இரண்டு விதங்கள். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு ராணுவத்துக்குப் போன நம் சொல்தாக்களில் (சிப்பாய்களில்) இந்தோசீனாவையும் அல்ஜீரியாவையும் பார்த்தவர்கள் உண்டு. பூர்தியு சீருடை போட்டுக்கொண்டு போய் இறங்கியது அந்த அல்ஜீரியாவில்தான், 1955இல். எகோல் நார்மாலில் படித்தவர் என்பதால் அதிகாரிப் பயிற்சிக்குப் போயிருக்கலாம். போகாமல் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தார்.

தத்துவம் படித்தவர் சமூகவியலுக்கு மாறியது இங்கேதான். அன்றைய பாரிஸில் தத்துவம்தான் உச்சி, சமூகவியல் கீழ்ப்படி. மேலேயிருந்து கீழே இறங்குவது போலத்தான் அது தெரிந்திருக்கும். ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒரு சமூகம் உடைந்து கொண்டிருக்கும்போது உணர்ச்சியின் காலத்தைப் பற்றி எழுத அவருக்கு மனம் வரவில்லை. 1958இல் ‘அல்ஜீரியாவின் சமூகவியல்’ என்ற சிறு நூலை எழுதினார், பிரான்ஸில் இருக்கிறவர்களுக்கு அந்த நாட்டைப் பற்றி எதுவுமே தெரியவில்லை என்ற ஆற்றாமையில். அதன்பின் 1960 வரை அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார்.

கள வேலை என்றால் நிஜமான கள வேலை. கூட இருந்தவர் அப்தெல்மாலெக் சயாத், கபீல் இனத்தைச் சேர்ந்த அல்ஜீரிய மாணவர், பின்னாளில் குடியேறிகளைப் பற்றிய ஆய்வில் பெரிய பெயர். பிரெஞ்சு ராணுவம் சுமார் 20 லட்சம் கிராமத்து மக்களைச் சொந்த ஊரிலிருந்து கிளப்பி முகாம்களில் கொண்டுபோய் வைத்திருந்தது. அந்த முகாம்களுக்கு இருவரும் போனார்கள். 1964இல் இருவர் பெயரிலும் வந்த ‘வேரறுப்பு’ என்ற புத்தகம் அதன் விளைவு. புள்ளியியல்காரர்களோடு சேர்ந்து தொழிலாளர்களிடம் பெரிய கணக்கெடுப்பும் நடத்தினார். கையில் கேமரா வைத்துக்கொண்டு நிறையப் படம் எடுத்தார்.

ஒரு வீட்டை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். கபீல் விவசாயி வீடு நீள்சதுரம். உள்ளே பாதி உயரத்துக்கு ஒரு தடுப்பு, வீட்டை மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று பிரிக்கும். பெரிய பகுதி மனிதர்களுக்கு, தரை சற்று உயரம், களிமண்ணும் சாணமும் பூசிப் பெண்கள் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கியது. சின்னப் பகுதி தாழ்வு, இருட்டு, கல் பாவியது, மாடு ஆடுகளுக்கு. வாசலுக்கு எதிர்ச்சுவரில் தறி. விருந்தாளிக்கும் மணப்பெண்ணுக்கும் தறியின் முன்னால் இடம். பிறப்பு, தூக்கம், சாவு எல்லாம் இருட்டுப் பக்கத்தோடு சேர்ந்தவை. யாரும் சட்டம் எழுதி மாட்டவில்லை. ஆனால் குழந்தை அந்த வீட்டில் தவழ்ந்து, நடந்து, எங்கே உட்காரலாம், எங்கே கூடாது என்று உடம்பாலேயே கற்றுக்கொண்டுவிடும். திண்ணை, கூடம், பின்கட்டு, தொழுவம் வைத்துக் கட்டிய வீட்டில் வளர்ந்த யாருக்கும் இது உடனே புரியும். எந்தச் சாதிக்காரர் திண்ணையோடு நின்றார், எந்த நாளில் பெண் எந்த மூலையில் இருந்தாள் என்பதை நம் வீடுகளும் சொல்லாமல் சொல்லித்தான் கொடுத்தன. இந்த வீட்டைப் பற்றிய கட்டுரை மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸுக்கான மலரில் 1970இல் வந்தது. பிற்பாடு அந்தக் கட்டுரையே ரொம்ப ஒழுங்காக, எல்லாம் எதிரெதிர் ஜோடியாக அடுக்கியதுபோல் இருக்கிறது என்று அவரே அதைத் தாண்டிப் போனார். வாழ்கிற மனிதர்கள் விதியைப் பின்பற்றுவதில்லை, பழகிய கை கால்களோடு ஆடுகிறார்கள் என்ற இடத்துக்கு வந்தார். ஹாபிட்டஸ் என்ற சொல்லுக்குள் இருப்பது இவ்வளவுதான்.

கல்யாணம் ஆகாத மூத்த பிள்ளைகள்

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ‘டிஸ்டிங்ஷன்’தான் அவருடைய உச்சம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், சர்வதேசச் சமூகவியல் சங்கம் 1997இல் எடுத்த வாக்கெடுப்பில் 20ஆம் நூற்றாண்டின் முக்கியமான பத்து நூல்களில் ஒன்றாக அது வந்ததும் உண்மை. இருந்தாலும் நான் ஒரு மாணவர் கையில் முதலில் கொடுப்பது 1962இல் வந்த பெயார்ன் கட்டுரையைத்தான்.

ஆரம்பம் ரொம்பச் சாதாரணம். பழைய பள்ளித் தோழர் ஒருவர் வகுப்புப் புகைப்படத்தைக் காட்டி, அதில் ஏறக்குறையப் பாதிப் பேரை, “இவனுக்கு இனிக் கல்யாணம் ஆகாது” என்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார். நிலம் வைத்திருக்கிற, குடும்பத்தின் வாரிசான மூத்த பிள்ளைகள். பழைய வழக்கப்படி மூத்தவனுக்குத்தான் சொத்து, இளையவன்தான் பிரம்மச்சாரியாக நிற்பான். இப்போது தலைகீழ். சொத்தோடு இருப்பவன் தனியாக நிற்கிறான்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊர்க் காபிக்கடையின் பின்கூடத்தில் நடனம். நடுவில் டவுன் நடனம் ஆடத் தெரிந்த இளசுகள். விளிம்பில் முப்பது தாண்டிய ஆண்கள் ஒரு கும்பலாக நிற்கிறார்கள். தலையில் பெரே தொப்பி, பழைய தையலில் கறுப்புக் கோட்டு. மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து ஆடுகிற இடத்தையே சுருக்குகிறார்கள், ஆனால் ஆடுவதில்லை. நடுராத்திரி வரை நின்று பார்த்துவிட்டு, போய்க் குடித்துவிட்டு, பழைய ஊர்ப்பாட்டைப் பாடிக் கலைகிறார்கள். பெண்களின் கண் இப்போது டவுன் கண். ஒருவன் நடக்கிற விதம், நிற்கிற விதம், கையை வைத்துக்கொள்ளும் விதம் எல்லாவற்றிலும் ‘பட்டிக்காட்டான்’ என்று எழுதியிருப்பதாக அது படிக்கிறது. கடைசியில் அவனுமே தன் உடம்பை அந்தக் கண்ணால் பார்த்துக் கூச ஆரம்பித்துவிடுகிறான். நிலச் சந்தை, பெண்களின் படிப்பு, ஊர் விட்டு ஊர் போதல் எல்லாம் சேர்ந்து ஒரு மனிதனின் முழங்காலில் வந்து உட்காருகிறது. அந்த ஊர் அவர் குடும்பம் வாழ்ந்த ஊர். நிற்கிறவர்கள் அவரோடு படித்தவர்கள். தகவல் சொன்னவர்களில் அவர் அம்மாவும் உண்டு.

கடலூர் மாவட்டத்தில் இதைப் படிக்கும்போது நெஞ்சில் இடிக்கும். பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பும் முந்திரிக்காடும் இருக்கிற வீட்டுப் பையனுக்குப் பெண் கேட்டுப் போனால், தரகரின் முதல் கேள்வி எத்தனை காணி என்று இருந்த காலம் போய்விட்டது. “பையன் என்.எல்.சி.யில பர்மனென்ட்டா? இல்ல, சென்னையில ஐ.டி.யா? ஊர்லயேவா இருக்காரு?” கடைசிக் கேள்வி வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நிலம் கொடுத்த மரியாதை பள்ளிச் சான்றிதழுக்கும் நகரத்து நடைக்கும் கைமாறிவிட்டது.

எங்கள் வட்டத்தில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெண் ஒருவர் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார். கல்யாண மண்டபத்தில் இந்த அண்ணன்மார்கள் எங்கே இருப்பார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா என்றார். முன்வரிசை நாற்காலியில் உட்கார மாட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். இலை போடுவது, தண்ணீர் வைப்பது, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க மாமா” என்று உபசரிப்பது. மேடையில் போட்டோவுக்குக் கூப்பிட்டால் “நீங்க நில்லுங்க, நான் அப்புறம் வர்றேன்” என்று பின்கட்டுக்குப் போய்விடுவார்கள். வேலையோடு இருந்தால் யாரும் “உனக்கு எப்போ?” என்று கேட்க மாட்டார்கள் அல்லவா. அவர் சொன்னதில் பெயார்ன் நடனக் கூடத்தின் விளிம்பு அப்படியே இருந்தது, ஒரே ஒரு வித்தியாசத்தோடு: அங்கே கூச்சத்தை மறைக்க எதுவும் இல்லை, இங்கே பந்தி இருக்கிறது. இதை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

அந்நிய ஊரையும் சொந்த ஊரையும் ஒன்றாக ஆராய்வதால் என்ன பயன் என்பதும் இங்கே தெளிவாகும். வெளியூரை மட்டும் ஆராய்ந்தால் அங்குள்ளவர்கள் விசித்திரப் பிறவிகளாகத் தெரிவார்கள். சொந்த ஊரை மட்டும் ஆராய்ந்தால் எதுவுமே கண்ணில் படாது. கபீல் கிராமத்துக் கல்யாண முறையைப் பற்றிக் கேட்ட கேள்விகளைத் தன் அம்மாவிடமும் கேட்கத் துணிந்ததால்தான் இரண்டும் அவருக்குப் புரிந்தன.

பதவிகள், வேகமாக

1960இல் பாரிஸ் திரும்பினார், சமூகவியலாளர் ரேமோன் அரோனின் உதவியாளர். 1961 முதல் 1964 வரை லில் பல்கலைக்கழகம். 1964இல் பாரிஸில் எகோல் பிராத்திக் தே ஓத் எதூத் நிறுவனத்தில் ஆய்வு இயக்குநர். அதே நிறுவனத்தில் அப்போது இருந்தவர்தான் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே கள ஆய்வு செய்த லூயி துமோன். நம் ஊர்ச் சாதியைப் பற்றிய பிரெஞ்சுச் சமூகவியலும் பூர்தியுவின் சமூகவியலும் ஒரே கூரைக்குக் கீழ் வளர்ந்தன. சக சமூகவியலாளர் பாஸ்ரோனோடு சேர்ந்து 1964இல் ‘வாரிசுகள்’, 1970இல் ‘மறுஉற்பத்தி’. பள்ளி எல்லாருக்கும் ஒரே தேர்வு வைக்கிறது, ஆனால் வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்த பிள்ளைக்குத் தெரிந்ததைத்தான் தேர்வு கேட்கிறது, பிறகு அதற்குத் திறமை என்று பெயர் வைக்கிறது என்பது இரண்டின் சாரம். 1968 மாணவர் கிளர்ச்சியை ஒட்டி அரோனோடு பிரிவு. 1975இல் சொந்த ஆய்விதழ், அதில் கட்டுரையோடு புகைப்படம், நேர்காணல், சித்திரம் எல்லாம் கலந்து வரும். 1981இல் பிரான்ஸின் மிக உயர்ந்த பீடமான கொலேஜ் தெ பிரான்ஸ். 1993இல் தேசிய ஆய்வு மையத்தின் தங்கப் பதக்கம்.

கொலேஜ் தெ பிரான்ஸில் 1982இல் நிகழ்த்திய தொடக்கவுரையை மட்டும் விட்டுவிட முடியாது. அந்தச் சமயத்தில் அப்பா காலமாகியிருந்தார். உச்ச பீடத்தில் ஏறி நின்று பேச வேண்டிய நாளில், அப்படிப்பட்ட மேடையும் உரையும் பேசுகிறவனுக்கு எப்படி அதிகாரம் கொடுக்கின்றன என்பதையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். ஏறிய படியைப் பற்றியே பேசினால்தான் அவரால் அதில் நிற்க முடிந்தது. தன்னைப் பற்றிச் சொல்லும்போது ‘பிளவுபட்ட ஹாபிட்டஸ்’ என்று எழுதினார்: மேலே இருக்கிற தகுதியும் கீழேயிருந்து வந்த உடம்பும் ஒட்டாமல் கிடப்பது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, இப்போது கருத்தரங்க மேடையில் உட்கார்ந்திருக்கிற நம் ஆட்கள் பலருக்கு இது அன்றாடம்.

ரசனையைக் கணக்கெடுத்தவர்

1963இலும் 1967–68இலும் 1,217 பேரிடம் கேட்ட கேள்விகளின் மேல் நிற்கிறது ‘டிஸ்டிங்ஷன்’. எந்த இசை பிடிக்கும், வீட்டுச் சாமான் எங்கே வாங்கினீர்கள், விருந்தாளிக்கு என்ன சமைப்பீர்கள், எதைப் படம் எடுத்தால் அழகாக இருக்கும். சூரிய அஸ்தமனமா, மரப்பட்டையா, முட்டைக்கோஸா? படிப்பும் குடும்பப் பின்னணியும் உயர உயர, முட்டைக்கோஸையும் அழகாக எடுக்கலாம் என்று சொல்கிறவர்கள் கூடுகிறார்கள். ஒரு கிழவியின் முறுக்கிய கைகளைப் படமாகக் காட்டினால், உழைக்கிறவர் அந்தக் கையின் வலியைப் பேசுகிறார். நிறையப் படித்தவர் ஓவியத்தையும் இலக்கியத்தையும் நினைவுகூர்கிறார். பார்வை என்பதே வீட்டிலும் பள்ளியிலும் விளைந்தது, விளைந்த இடத்தை மறைத்துக்கொண்டு பிறவிக் குணம்போல் உலவுகிறது.

இதற்கு முன்னாலேயே, 1966இல், புள்ளியியலாளர் அலென் தார்பெலோடு சேர்ந்து அருங்காட்சியகங்களுக்கு யார் வருகிறார்கள் என்று ஆய்வு செய்திருந்தார். டிக்கெட் விலை தடையில்லை, உள்ளே போனால் என்ன பார்ப்பது என்று தெரியாத தயக்கம்தான் தடை என்று காட்டியது அது. செயின்ட் லூயி தெருவில் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஒரு ஞாயிறு மதியம் நின்று பாருங்கள். அரிக்கமேட்டு மண்பாண்டத் துண்டுகளைச் சிலர் வேகமாகத் தாண்டிப் போவார்கள், பழைய வண்டிக்கு முன்னால் குழந்தையோடு நெடுநேரம் நின்று “தாத்தா காலத்துல இதுலதான் போவாங்க” என்று கதை சொல்வார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பெயர்ப்பலகையைப் படிக்கிறவர்கள் வேறு சிலர். இரண்டாவது கூட்டத்துக்குத்தான் அங்கே வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது.

புதுச்சேரி வரலாறே இந்தப் படிப்புக்கு ஒரு பெரிய ஆதாரக் கிடங்கு. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை வெடித்தது என்று எண்ணி எழுதி வைத்திருக்கிறார். 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியப் பாணிச் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனது குற்றமாகி, அவர் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். ஒரு ஜோடிச் சப்பாத்துக்கு அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? காலில் என்ன இருக்கிறது என்பதை வைத்து மனிதனின் இடத்தைத் தீர்மானிக்கிற அதிகாரம் யாருக்கு என்பதுதான் அந்த வழக்கு. 1881 ஆணைப்படி சாதி, மதம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்தவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள், பொன்னுத்தம்பி லபோர்த் ஆனார். குறியீட்டு வன்முறை என்று, அதாவது அடிக்காமலே அடையாளங்களால் ஒருவரைத் தாழ்த்தி வைப்பது என்று, பூர்தியு எழுதியதை விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் பிரான்ஸிலும் கிடைக்கவில்லை.

எங்கே இடிக்கிறது

இடிக்கிற இடமும் இதுவேதான். பூர்தியுவின் படத்தில் வர்க்கம் முதுகெலும்பு. நம் ஊரில் சாதியை வைக்காமல் அந்தப் படத்தை மாட்டினால் கோணலாகத்தான் தொங்கும். பறை இப்போது மேடை ஏறுவதும் கர்நாடக சங்கீதம் ‘பொது’ ரசனையாக உட்கார்ந்திருப்பதும் சம்பளக் கணக்கில் அடங்காது. சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே 2013இல் எழுதியது இதற்குப் பெரிய உதவி: உயர்சாதியினர் தங்கள் சாதிச் சொத்தைப் படிப்பாகவும் வேலையாகவும் மாற்றிக்கொண்ட பிறகு சாதியே இல்லாதவர்போல் தெரிகிறார்கள், மற்றவர்கள் மட்டும் ‘சாதிக்காரர்’ ஆகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்த மானிடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் அதையே ‘மெரிட்’ என்ற சொல்லுக்குள் திறந்து காட்டினார். பூர்தியுவைப் படித்தவர்களால்தான் இப்படிக் கேட்க முடிகிறது, ஆனால் அவரோடு நின்றிருந்தால் கேட்டிருக்க முடியாது.

இன்னொரு எதிர்ப்பு, மேல்தட்டு ரசனை என்று தனியாக ஒன்று இப்போது இருக்கிறதா என்பது. அமெரிக்காவில் சமூகவியலாளர் ரிச்சர்ட் பீட்டர்சன் 1990களிலேயே, வசதியானவர்கள் இப்போது எல்லாவற்றையும் ரசிக்கிறார்கள், ஒதுக்கிவைப்பது குறைகிறது என்று காட்டினார். தமிழில் இது இன்னும் பலமாக நிற்கும்: இளையராஜா பாட்டைப் பிடிக்காத கலெக்டரும் இல்லை, கொத்தனாரும் இல்லை. ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கடலூர்–புதுச்சேரி தனியார் பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து கேட்பதும், விலை உயர்ந்த ஒலிபெருக்கியில் இசைத்தட்டைச் சுழலவிட்டு “இந்த இடத்துல பேஸ் கிட்டார கவனிங்க” என்று விருந்தாளிக்குச் சொல்வதும் ஒன்றில்லை. பாட்டு ஒன்றுதான், கேட்கிற தோரணை வேறு. பீட்டர்சன் சொன்னது சரியே, ஆனாலும் பூர்தியு அவ்வளவு சீக்கிரம் தோற்கவில்லை என்று நினைக்கிறேன்.

மனிதனுக்கு மீற இடமே இல்லாமல் எழுதிவிட்டார், ஏழை என்றால் ஏழை ரசனைதான் என்று பூட்டிவிட்டார் என்பது தத்துவவாதி ழாக் ரான்சியேர் 1983இல் வைத்த குற்றச்சாட்டு. இதில் உண்மை இருக்கிறது. ‘டிஸ்டிங்ஷன்’ புத்தகத்தில் உழைக்கும் மக்கள் வரும் பகுதி மற்ற பகுதிகளைவிட மெலிவு. அல்ஜீரிய முகாமிலும் பெயார்ன் கூடத்திலும் இருந்த நெருக்கம் கேள்வித்தாளில் வரவில்லை.

அந்த நெருக்கம் கடைசிக் காலத்தில் திரும்ப வந்தது. 1993இல் ஒரு பெரிய குழுவோடு சேர்ந்து கொண்டுவந்த ‘உலகின் துயரம்’ ஏறக்குறைய ஆயிரம் பக்கம். புறநகர்க் குடியிருப்பில் இருப்பவர்கள், வேலை போனவர்கள், ஆசிரியர்கள், காவல்துறையினர், விவசாயிகள் எனப் பலரின் நேர்காணல்கள். சயாத்தும் அதில் இருந்தார். 1995 டிசம்பரில் பாரிஸின் கார் தெ லியோன் ரயில் நிலையத்தில் வேலைநிறுத்தத் தொழிலாளர்கள் முன்னால் பேசினார். 1996இல் தொலைக்காட்சியைத் தாக்கிச் சிறு நூல். 2002 ஜனவரி 23இல் பாரிஸில் காலமானார். பேராசிரியர் கடைசியில் அரசியல்வாதி ஆகிவிட்டார் என்று அன்று பலர் குறைப்பட்டார்கள். எனக்கு இது பொருந்தவில்லை. 1958இல் போர்க் காலத்தில் அல்ஜீரியாவைப் பற்றி எழுதியதும் இதே வேலைதான்.

விவாதத்தின் முடிவில் ஒரு மாணவர் நேராகவே கேட்டார்: “அவருக்குப் புள்ளியியல் ஆட்கள் இருந்தாங்க, இன்ஸ்டிட்யூட் இருந்துச்சு, சொந்தமா பத்திரிகை இருந்துச்சு. நமக்கு என்ன சார் இருக்கு?” நியாயமான கேள்வி, ‘டிஸ்டிங்ஷன்’ அளவுக்கு ஒன்றைச் செய்யப் பணமும் ஆளும் வேண்டும். ஆனால் பெயார்ன் கட்டுரையில் பெரும்பகுதி ஒரு வகுப்புப் புகைப்படம், ஊர்ப் பதிவேடுகள், அம்மாவின் ஞாபகம் இவற்றிலிருந்துதான் வந்தது. குறிஞ்சிப்பாடிப் பெண் இப்போது தன் தெருவில் வீடு வீடாகக் கல்யாண ஆல்பம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு படத்திலும் யார் மேடையில், யார் ஓரத்தில், யார் படத்திலேயே இல்லை என்று குறித்து, இல்லாதவர்களைப் பற்றி அவர் அம்மாவிடமும் அத்தைகளிடமும் கேட்கப் போகிறார். வீடியோ கேசட் காலத்துக் கல்யாணங்களில் பந்தியும் பதிவாகியிருக்கும் என்பதால் பழைய கேசட்டுகளை ஓட்டிப் பார்க்க ஒரு பிளேயர் தேடுகிறார். கடலூர், புதுச்சேரிப் பக்கம் யாரிடமாவது ஓடுகிற நிலையில் இருந்தால் சொல்லுங்கள்.